வீட்டைக் காலி செய்து கொடுக்கும் முன்: பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றால்

சென்னையில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (முன்பு குடிசை மாற்று வாரியம்) பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டும் வேலை பல பகுதிகளில் நடக்கிறது. எங்கள் பிளாக்கில் இந்தப் பேப்பர் வேலையெல்லாம் என் கையில்தான் வந்து சேர்ந்தது. நான் தையல் வேலை செய்பவள். மிஷின் பக்கத்திலேயே ஒரு ஃபைல் கட்டு இருக்கும். அடுத்து இதைச் சந்திக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இடிப்பதே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் ஒரு குடியிருப்புக் கட்டடம் மொத்தமாக இடிந்து விழுந்தது. ஆபத்தை உணர்ந்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர்கள் தப்பின. மேல்தளத்தில் பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிற வீட்டில் குழந்தையைப் படுக்க வைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நம் எல்லோருக்கும் இருக்கும் பயம் வேறு: திரும்பி வருவோமா, எப்போது வருவோம், எவ்வளவு கேட்பார்கள்?

அதனால் முதல் கேள்வி இது. அதே இடத்தில் கட்டித் தருகிறார்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறார்களா? சென்னையின் ஓரத்தில் வாரியம் கட்டிய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்கள் வேலையையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்று நமக்குத் தெரியும். வேறு இடத்துக்கு அனுப்புவது மறுகுடியமர்வு, அதே இடத்தில் கட்டித் தருவது மறுகட்டுமானம். இரண்டும் வெவ்வேறு திட்டங்கள். கூட்டத்தில் அதிகாரி வாயால் சொன்னது போதாது. "இதே திட்டப் பகுதியில், ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கே ஒதுக்கீடு" என்ற வரி நோட்டீசிலோ ஆணையிலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம் காகிதங்கள். அதிகம் சிக்குவது இங்கேதான். ஒதுக்கீட்டு ஆணை பாட்டி பெயரில் இருக்கும், பாட்டி காலமாகி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், வீட்டில் இருப்பது பேரன் குடும்பம். இதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பித்து வாங்கலாம், ஆனால் விசாரணை முடிந்து கைக்கு வர நாள் பிடிக்கும். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வாரியம் எடுக்கும் கணக்கெடுப்பை அறிவித்த பிறகு ஓடாதீர்கள். இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்தவுடனே தொடங்குங்கள்.

பெயரையும் பாருங்கள். ஆணையில் "முனியம்மாள்", ஆதாரில் "முனியம்மா", ரேஷன் கார்டில் இனிஷியல் வேறு. ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருந்தால் பயனாளிப் பட்டியலில் கேள்விக்குறி விழும். ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து வீட்டை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக் குடியிருப்பவர்கள் அதை மறைக்க வேண்டாம். வாங்கிய காகிதம், இத்தனை வருஷமாகக் கட்டிய கரண்ட் பில், தவணை ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வாரியத்தின் எஸ்டேட் அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள். மனு எதுவானாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கணக்கெடுப்பு நாளில் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிரப்பிய படிவத்தை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பட்டியல் வந்ததும் உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், பிளாக் முழுவதையும் கதவு எண் வாரியாக உரக்கப் படித்துச் சரிபாருங்கள். படிக்கத் தெரியாத வயதானவர்களின் பெயர் விடுபட்டால் இப்படித்தான் தெரியவரும்.

இனி பணம். காலி செய்யும் குடும்பத்துக்குத் தரும் கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். இது மாதாமாதம் வருவதில்லை, ஒரே தடவைதான். மாதம் 6,000 ரூபாய் வாடகை என்றால் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், அட்வான்ஸ் தனி. கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்று சொன்னால், அதற்கு மேலும் ஆகும் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே சமயத்தில் வீடு தேடினால் சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறும், அதனால் முந்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால் கொஞ்சம் சின்ன வீடானாலும் பரவாயில்லை. கிளம்பும்போது கரண்ட் மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து, பாக்கி இல்லை என்ற ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

பயனாளி பங்களிப்பு என்று, புது வீட்டுச் செலவில் நம் பங்காக ஒரு தொகை கேட்கலாம். எவ்வளவு, எத்தனை தவணை, கட்ட முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதை வீட்டைக் காலி செய்யும் முன்பே கேளுங்கள். சாவியை ஒப்படைத்த பிறகு பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

வாயால் கேட்டுப் பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "எப்போது வீடு தருவீர்கள்?" என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். ஒப்பந்ததாரருக்குத் தந்த பணி ஆணையின் நகல், அதில் உள்ள முடிக்கும் தேதி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பயனாளிப் பட்டியலின் நகல் என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்வது கஷ்டம். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கம் பதிவு செய்யலாம். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பெண்ணாவது பொறுப்பில் இருக்கட்டும். பகல் முழுக்கக் குடியிருப்பில் இருப்பவர்கள் அவர்கள்தான். புது வீட்டுக்குப் போன பிறகும் இந்தச் சங்கம் வேண்டும். மூன்று மாடியில் இருந்தவர்கள் அதைவிட உயரமான கட்டடத்துக்குப் போனால் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், பொது விளக்கு எல்லாவற்றுக்கும் மாதச் செலவு உண்டு. பராமரிப்புக்குக் குடியிருப்போர் செலுத்தும் தொகைக்கு இணையாக வாரியமும் தருவதற்கு "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்ற திட்டம் இருக்கிறது. சங்கம் இருந்தால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும்.

கட்டும்போதும் போய்ப் பாருங்கள். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், புதுக் குடியிருப்பிலேயே பூச்சு உதிர்ந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸ் நிபுணர்கள் வந்து ஆய்வு செய்யும் நிலை வந்தது. நாமெல்லாம் இன்ஜினியர் இல்லைதான். ஆனால் பூச்சை விரலால் சுரண்டினால் மணலாகக் கொட்டுகிறதா என்று யாருக்கும் தெரியும். தேதி தெரியும்படி படம் எடுத்து உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள். சாவி தரும் நாளில் ஒரு வாளி தண்ணீர் கொண்டுபோய்க் குளியலறைத் தரையில் ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. குழாய், ஃப்ளஷ், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் சோதித்து, குறையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்த மாடி யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வதானால், நடக்க முடியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், இதய நோயாளிகள் வீட்டில் இருப்பவர்கள் தரைத்தளம் கேட்டு மருத்துவச் சான்றிதழோடு குலுக்கலுக்கு முன்பே மனு கொடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டியலைச் சங்கமே தயார் செய்து மொத்தமாகக் கொடுங்கள்.