சைலன்சர் ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தால்

பைக் சைலன்சரைக் கழற்றும்போது, அதை இன்ஜினோடு பிணைக்கும் ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) பெரும்பாலும் ஹெட்டுக்குள் (இன்ஜினின் அலுமினிய மேல்பகுதி) நுழையும் வாயிலேயேதான் அறும். வெளியே துரு தின்று இரும்பு மெலிந்திருக்கும். உள்ளே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மரையை அடைத்து இறுக்கியிருக்கும். நட்டும் துருவில் ஒட்டிப்போயிருக்கும். ஸ்பானரின் பலமெல்லாம் மெலிந்த கழுத்தில் இறங்கும்.

அறாமல் எடுக்க, முந்தின இரவே பெனட்ரேட்டிங் ஆயில் (துருவின் இடுக்கில் ஊறி இறங்கும் எண்ணெய்) விடுங்கள். மறுநாள் ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட்டை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி அவிழ்த்து என்று போங்கள். நகர்வது போல இருந்தும் ஸ்பானர் ஜவ்வாக இழுபட்டால், சுற்றுவது நட் அல்ல, முறுக்கிக்கொள்வது ஸ்டட். உடனே நிறுத்துங்கள்.

அறுந்துவிட்டதா? பிளையர் பிடிக்க நீளம் இருந்தால் சூடாக்கி லாக்கிங் பிளையரால் (பிடித்தபடியே பூட்டிக்கொள்ளும் பிளையர்) முயலலாம். வாயோடு வாயாக அறுந்திருந்தால் வெல்டிங்தான் முதல் வழி. பேட்டரியையும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கனெக்டரையும் கழற்றிவிட்டு, துண்டின் மேல் வாஷர், அதன் மேல் நட் வைத்து, நட்டின் ஓட்டை வழியாக மிக் வெல்டிங்கால் (கம்பி தானாக ஊட்டப்படும் மின் வெல்டிங்) நிரப்பச் சொல்லுங்கள். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். சிவப்பு தணிந்ததும் மெழுகுவர்த்தியை மரையோரம் தேய்த்தால் உருகி உள்ளே இறங்கும். பிறகு முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். முதல் வெல்டு விட்டுப்போனால் இன்னொரு நட், அவ்வளவுதான்.

ஈஸி அவுட்டை (அறுந்த துண்டில் துளைபோட்டு, அதற்குள் இறக்கித் திருப்பும் எதிர்மரைக் கருவி) நம்பாதீர்கள். முழுத் தடிமனோடு திரும்பாத ஸ்டட்டை, அதற்குள் துளைபோட்டு இறக்கிய மெல்லிய கம்பி எப்படித் திருப்பும்? அதுவும் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது. ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் முறை) வரை போக வேண்டியிருக்கும்.

வெல்டிங்கும் பலிக்காவிட்டால் டிரில். அறுந்த முகத்தைச் சமமாக அராவி, நடுவில் பஞ்ச் அடியுங்கள். மையம் தவறினால் பிட் மெத்தென்ற அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும். அதனால் பெண்ட் பைப் ஃபிளாஞ்சின் (சைலன்சர் குழாயை ஹெட்டோடு சேர்க்கும் தகடு) ஓட்டையில் பொருந்தும்படி, 3 மி.மீ துளையுள்ள புஷ் (பிட்டுக்கு வழிகாட்டும் குழல்) ஒன்றை லேத்தில் கடைந்து வைத்துத் துளையுங்கள். 6 மி.மீ ஸ்டட்டுக்கு 3, 4, கடைசியில் 5 மி.மீ; 8 மி.மீ ஸ்டட்டுக்கு (1.25 மரை) கடைசி பிட் 6.8. மரையில் மிஞ்சும் ஸ்டட்டின் சுருளை ஊசியால் கிளறி எடுத்து டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டுங்கள். துளைக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடிய நிலையில் இருக்கட்டும், போர்ட்டில் (புகை வெளியேறும் வாய்) துணி அடைத்திருக்கட்டும். அந்தத் துணியை எடுக்க மறப்பவர்களும் உண்டு. மரை கெட்டால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்).

புது ஸ்டட்டின் மரையில் காப்பர் அல்லது நிக்கல் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவி, கையால் அடிவரை ஏற்றினால் போதும். நட் பித்தளையாக இருந்தால் எளிதில் ஒட்டாது. காஸ்கெட் புதிதாகவே போடுங்கள். ஸ்டட்டுகளில் ஏறும் முன் நட்டுகளைக் கையால் மாட்டி, சைலன்சரைச் சட்டத்தோடு பிடிக்கும் பின்பக்க போல்ட்டையும் மாட்டிய பிறகே முன் நட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள்: 6 மி.மீக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர், 8க்கு சுமார் 20. மேனுவல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. பின் போல்ட்டை இறுக்குவது கடைசியில். அந்த போல்ட் இல்லாமல் ஓட்டினால் சைலன்சரின் ஆட்டம் முழுவதும் இந்த இரண்டு ஸ்டட் மேல்தான் விழும். இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியதும், குளிர்ந்த இன்ஜினில் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.