இன்ஜின் லைட் மின்னுகிறதா? பாகம் வாங்கும் முன் காயிலை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

போன ஐப்பசி மழையில் சேலத்திலிருந்து தருமபுரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தொப்பூர் மேட்டில் நாலாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த பெட்ரோல் கார் திடீரென்று தொய்ந்துபோனது. மூன்றாவது கியருக்கு வந்து எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் படம் விட்டு விட்டு மின்னியது.

அந்த விளக்கு மின்னாமல் நின்று எரிந்தால், ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். மின்னினால் பொறுக்கக் கூடாது. ஒரு சிலிண்டரோ அதற்கு மேலோ பெட்ரோலை எரிக்காமல் அப்படியே வெளியே தள்ளுகிறது என்று பொருள். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பது இதைத்தான். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கிறது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடு எல்லை மீறினால் அந்தப் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு அப்போது பல மடங்காகிவிடும்.

முதலில் வண்டியை நிறுத்துவது

மிதிப்பதைக் குறையுங்கள், ஏசியை அணையுங்கள், இடது ஓரமாக ஒதுங்கி நிறுத்துங்கள். வெப்பநிலை முள்ளையும் சிவப்பு ஆயில் விளக்கையும் பாருங்கள். இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்து, மெதுவாகப் போகும்போது விளக்கு மின்னுவது நின்றுவிட்டால், பக்கத்து ஊர் வரை நிதானமாக ஓட்டலாம். நிற்கவில்லையா, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். நான் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன், ஓட்டியிருக்கக் கூடாது.

எரர் கோடைப் படிப்பது

நம் நாட்டில் 2013-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே கோளாறுகளைப் படித்துப் பார்க்க உதவும், 16 துளைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகி, சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மொபைலில் கோடைப் படியுங்கள். என்ன கோளாறு என்று வண்டியே பதிந்துவைக்கும் எண் அது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்று இல்லாமல் அங்கங்கே மிஸ்ஸிங்.

படித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 'அழித்துவிட்டுப் பார்ப்போம்' என்று யார் சொன்னாலும் அதற்கு முன் அழிக்கவே விடாதீர்கள். கோளாறு வந்த நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில் ஓடியது என்ற பதிவும் அதோடு சேர்ந்து போய்விடும்.

எனக்கு வந்தது பி0302.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது

இதுதான் முக்கியமான வேலை, காசும் செலவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும். இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். பானட்டைத் திறந்து, மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் காயில்கள் வரிசையாகத் தெரியும். பெரும்பாலான கார்களில் பெல்ட் அல்லது செயின் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். உங்கள் வண்டியின் புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அவசரப்பட்டால் கையோடு வந்துவிடும். போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். நான் இரண்டாவது காயிலை உருவியபோது, அடியில் உள்ள ரப்பர் குழாயில் நீர் முத்துகள். துடைத்துப் பார்த்தால், மேலிருந்து கீழாக முடி போல ஒரு பழுப்புக் கோடு. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவி ஓடிய தடம் அது.

இப்போது இரண்டாவது காயிலை நாலாவது இடத்திலும், நாலாவதை இரண்டாவது இடத்திலும் போடுங்கள். கோடை இப்போது அழிக்கலாம். ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, மறுபடி படியுங்கள். பி0304 என்று மாறினால் குற்றவாளி காயில்தான். எனக்கு அப்படித்தான் மாறியது. பி0302 என்றே நின்றால், இதே போல ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிளக் ஈரமாக பெட்ரோல் வாடை அடித்தால் அங்கே தீப்பொறி வரவில்லை. ஆயில் பூசியிருந்தால் விஷயம் இன்ஜினுக்குள். திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அலுமினிய மரை கெட்டால் பெரிய வேலை.

இன்ஜின் ஓடும்போதே கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம். காயில் தருவது பல்லாயிரம் வோல்ட். அதோடு, பிடுங்கும் ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குத்தான் போகிறது.

இரண்டையும் மாற்றியும் கோடு அதே சிலிண்டரில் நின்றால், வயர்களைப் பாருங்கள். எலி கடித்த வயரை எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். அப்புறம் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன். அதற்கு மெக்கானிக்கிடம் போங்கள், ஆனால் நீங்கள் இதுவரை செய்து பார்த்ததைச் சொல்லிவிட்டு ஒப்படையுங்கள். பி0300-உடன், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை என்று சொல்லும் பி0171-உம் சேர்ந்து வந்தால் காயிலைத் தொடவே வேண்டாம். எங்கோ காற்று கசிகிறது, அல்லது பெட்ரோல் அழுத்தம் போதவில்லை.

என் விஷயத்தில் தண்ணீர் எப்படி வந்தது என்றும் தேடினேன். முந்தின வாரம்தான் ஒரு வாட்டர் வாஷ் கடையில் பானட்டைத் திறந்து பிரஷர் கன்னால் அடித்திருந்தார்கள். காயிலின் மேல் சீல் ரப்பரும் விறைத்துப் போயிருந்தது. புதுக் காயில் போட்டேன், பிளக் இருக்கும் குழியில் இருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தேன், வண்டி பழையபடி இழுத்தது. அடுத்த இரண்டு வாரமும் ஸ்கேனரைச் செருகி, பி0420 வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் கோடு அது. இதுவரை வரவில்லை.