வெளுத்த ஈறைத் தைத்து அனுப்பாதீர்கள்

போன வாரம் எங்கள் பி.ஜி. மாணவர் ஒருவர் மேல் கோரைப்பல்லில் ஈறு அறுவை செய்துகொண்டிருந்தார். வேர் 4 மி.மீ. வெளியே தெரிந்த பல். பின்னால் நின்ற எனக்கு என் பழைய கையையே பார்ப்பது போலிருந்தது. அதே தவறு, அதே அவசரம். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அண்ணத்திலிருந்து திசு எடுக்காமல், டப்பாவில் வரும் மாற்றுப்பொருளை வைத்து வேரை மூடும்போது சறுக்கும் இடங்கள் மட்டும்.

எல்லாப் பல்லையும் மூடிவிடலாம் என்று நம்புவது

பற்களுக்கு நடுவில் எலும்பும் ஈறும் குறையாமல் இருந்தால் வேர் முழுக்க மூட வாய்ப்பு உண்டு. ஈறு இறங்கிய பற்களுக்கு இத்தாலிய ஈறு மருத்துவர் கெய்ரோ 2011-இல் வகுத்த பிரிவில் அது ஆர்.டி.1. பற்களுக்கு நடுவில் மிக அதிகம் குறைந்துவிட்ட ஆர்.டி.3 என்றால் எந்தப் பொருளும் முழுதாக மூடாது. பேஷண்டிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இழுத்துத் தைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

அண்ணத்திலிருந்து எடுத்த திசு உயிருள்ளது. ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பதப்படுத்திய தோலிலோ கொலாஜன் மேட்ரிக்ஸிலோ செல்லே கிடையாது. அது வெறும் சாரக்கட்டு. கீழேயிருந்தும் மேலே மூடும் ஈறு மடலான ஃபிளாப்பிலிருந்தும் ரத்தக்குழாய் உள்ளே வளர்ந்தால்தான் அதற்கு வாழ்வு. வேரின் மேல் ரத்தமும் இல்லை என்பதால் ஃபிளாப்பை விட்டால் வேறு கதியில்லை. ஃபிளாப் பின்வாங்கினால் மேட்ரிக்ஸ் திறந்துகொள்ளும், அழுகிக் கரையும்.

நான் செய்த முதல் சில கேஸ்களில் ஒன்று. ஃபிளாப் எட்டவில்லை. தையல் நூலாலேயே இழுத்துக் கட்டினேன். ஓரம் காகிதம் மாதிரி வெளுத்தது. சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டேன். எட்டாம் நாள் உதட்டை விலக்கினால், நூல் ஈறை அறுத்துக்கொண்டு தொங்குகிறது, நடுவில் மஞ்சளாக மேட்ரிக்ஸ். அந்தத் துண்டுக்கு பேஷண்ட் கொடுத்த காசு அவருடைய பாதி மாதச் சம்பளம்.

எட்டாததற்குக் காரணம் தையல் அல்ல, வெட்டுதான். எலும்பை ஒட்டிய சவ்வை ஃபிளாப்பின் அடியில் அறுக்க வேண்டும். அதோடு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் 15சி பிளேடை உதட்டின் உள்தோலுக்கு இணையாகப் பிடித்துத் தசை இழைகளையும் பிரிக்க வேண்டும். பிரித்ததும் சோதித்துப் பாருங்கள்: ஃபிளாப்பை எனாமலும் வேரும் சேரும் கோட்டுக்கு 1 மி.மீ. தாண்டி வைத்து ஃபோர்செப்ஸை எடுத்துவிடுங்கள். தானாக அங்கேயே கிடக்க வேண்டும். உதட்டை லேசாக அசைத்தாலும் நகரக் கூடாது. நகர்ந்தால் மேட்ரிக்ஸ் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். போன வாரம் அந்த மாணவர் முதலில் டப்பாவைத்தான் திறந்திருந்தார்.

எந்தப் பக்கம்?

பதப்படுத்திய தோலுக்கு இரண்டு முகம். ரத்தம் தடவிக் கழுவினால் சிவப்பாகவே நிற்பதுதான் திசுப் பக்கம்.

ஊறவைப்பது

தோல் ஊற வேண்டும். உலர்ந்தபடி வைக்கச் சொல்லும் கொலாஜன் மேட்ரிக்ஸ் ஊறக் கூடாது. அது சலைனைக் குடித்துவிட்டால் ரத்தத்தைக் குடிக்காது.

பி.ஆர்.எஃப்.

பேஷண்டின் ரத்தத்தையே சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் சவ்வு இது. ரத்தம் எடுத்த கையோடு சென்ட்ரிஃபியூஜ். நடுவில் போன் பேசப் போனால் போச்சு.

எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விடுவது

சில பன்றியிலிருந்து, சில இறந்த மனிதரின் தோலிலிருந்து. கையெழுத்து வாங்குமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு முஸ்லிம் அம்மா தைத்த மறுநாள் என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை.

உதடு

தூக்கிப் பார்க்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். ஒருவர் மூன்றாம் நாள் "நல்லா இருக்கா டாக்டர்?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். ஒரு கையில் போன், மறு கையில் மூக்குவரை தூக்கிய உதடு. படத்திலேயே தையல் பிரிந்திருந்தது.