வேட்டி வெள்ளையா, நீலமா? வீட்டில் போடும் படத்தின் தரத்தைப் பார்க்கும் விதம்

போன தீபாவளிக்கு அண்ணன் மகன் 55 இன்ச் டிவி வாங்கினான். "அத்தை, இந்தப் பாட்டைப் பாருங்க, ஃபோர்கே. எப்படிப் பளிச்சுன்னு இருக்குது!" என்று அறுபதுகளில் வந்த ஒரு கலர் படத்தின் பாட்டை யூடியூபில் போட்டுக் காட்டினான். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கதாநாயகியின் கன்னம் மெழுகு பொம்மைக் கன்னமாக வழவழத்தது. கதாநாயகன் கட்டியிருந்த வேட்டி, நீலம் அதிகமாகப் போட்டு அலசிய மாதிரி. வண்டிச் சக்கரம் முட்டை வடிவத்தில் உருண்டது. "கண்ணு, இதுக்கு என்கிட்ட இருக்கிற பழைய டிவிடியே மேல்" என்றேன். அவன் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிவிடியை எடுத்துப் போய் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டோம். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் 22 வருஷமாக ஷேடு, அதாவது சாயத்தின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று, பார்க்கிறேன். அப்பா தாராபுரத்தில் கேசட் கடை வைத்திருந்தார். ஊரில் நோம்பி என்றால் எங்கள் வீடியோ டெக்கும் டிவியும்தான் போகும், ராத்திரிக்கு மூன்று படம். துணியையும் படத்தையும் நான் ஒரே கண்ணால்தான் பார்க்கிறேன். கடையில் மொடமொடவென்று நிற்கிற துணி கஞ்சியால் நிற்கலாம். ஒரு அலசலில் கஞ்சி போனால் உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிடும். படத்தின் பளபளப்பும் பல நேரம் கஞ்சிதான். அதைத் தாண்டி நூலைப் பார்க்கப் பழக வேண்டும்.

முதலில் டிவியைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் டிவி செய்யும் தப்பைப் படத்தின் மேல் போடுவோம். 'விவிட்' செட்டிங்கில் இருந்தால் 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று இருப்பதற்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று ஒவ்வொரு கம்பெனி டிவியிலும் ஒவ்வொரு பெயரில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தது. நடுவில் டிவி தானாகச் சில ஃபிரேம்களைச் செய்து செருகினால் எந்தப் படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் மாற்றியதும் "என்னங்கத்தை, மஞ்சளாயிருச்சு" என்று பதறினான். எங்கள் லேபில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. துணி வாங்கும் பையர் அனுப்பிய ஸ்வாட்சையும் (மாதிரித் துண்டு) நாங்கள் போட்ட சாயத்தையும் அருகருகே வைத்து அதற்குள்தான் பார்ப்போம். அதில் பகல் வெளிச்சத்துக்கு டி65 என்று ஒரு விளக்கு. எச்டி வீடியோவில் வெள்ளை என்றால் எது என்று சொல்வதற்கும் அதே டி65தான் அளவு. லேபில் எனக்குப் பழகிய அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் வருவது டிவியில் பெரும்பாலும் 'வார்ம்' செட்டிங். நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் மஞ்சளாகத் தெரியும். பத்து நிமிடம் பொறுங்கள், வேட்டி வேட்டியாகிவிடும்.

இப்போது நிறத்தைப் பார்க்கலாம். நான் பார்ப்பது முகத்தையும் வெள்ளையையும் பச்சையையும்தான். வேட்டி, விபூதி, சுண்ணாம்புச் சுவர் மூன்றும் ஒரே காட்சியில் வந்தால் மூன்றும் வேறு வேறு வெள்ளையாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாக எரிந்து போயிருந்தால் வெளிச்சத்தை ஏற்றிவிட்டார்கள், துணியின் மடிப்பு போயிருக்கும். பச்சை விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. எத்தனையோ படங்களைப் பொள்ளாச்சியிலும் கோபியிலும்தான் எடுத்தார்கள். ஆழியாறு போகிற வழியில் தென்னந்தோப்பு எப்படி இருக்கும், கொடிவேரித் தண்ணீர் பாயும் நெல் வயல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நாற்றின் பச்சை வேறு, தென்னை ஓலையின் பச்சை வேறு, மஞ்சள் காட்டின் பச்சை வேறு. மூன்றும் ஒரே கிளிப்பச்சையாக வந்தால் கலரைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் நிறம் திருத்தி வரும் இந்தக் காலத்துப் படங்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே ஒளிப்பதிவாளரே வேண்டுமென்று பச்சையை மாற்றியிருப்பார்.

பழைய கலர் படம் முழுக்க ரோஸ் நிறத்தில் வந்தால் அது யாரும் திருத்தியதல்ல, சாயம் வெளுத்தது. அந்தக் காலத்து ஈஸ்ட்மென்கலர் பிரிண்டில் சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (அடர் ரோஸ்), மஞ்சள் என்று மூன்று சாயம். முதலில் வெளுப்பது பெரும்பாலும் சியான், அது போனதும் மெஜந்தா ஓங்கி நிற்கும். நெகட்டிவில் இருந்து எடுக்காமல், தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டைப் பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. வலது மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி சட்டென்று வந்து போகும், சில நொடிகளில் மறுபடியும் வரும். ரீல் மாற்றுவதற்காக ஆப்பரேட்டருக்கு வைத்த புள்ளி அது. அதைப் பார்த்தால் மூலம் தியேட்டர் பிரிண்ட் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம், சில படங்களுக்குக் கிடைப்பதே பிரிண்ட்தான்.

அடுத்தது வடிவம். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைப் படம், 1973ல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முன்னால் வந்த தமிழ்ப் படம் எதுவானாலும் அது பழைய டிவி மாதிரி ஏறக்குறைய சதுரமாகத்தான் இருக்க வேண்டும், அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. டிவியின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பட்டையைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், அதுதான் முழுப் படம். பட்டையே இல்லாமல் திரை நிறைந்திருந்தால் ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மேலும் கீழும் நறுக்கியிருக்கிறார்கள். நறுக்கினால் ஏறக்குறைய கால் பங்கு படம் போச்சு. 'டிஜிட்டல் சினிமாஸ்கோப்' என்று பழைய படத்தை அகலமாக்கினால் பத்தில் நான்கு பங்கு போய்விடும். ஆடுகிறவரின் காலைப் பாருங்கள், சலங்கை தெரிகிறதா என்று. எழுத்துப் போடும்போது பெயர்கள் மேலோ கீழோ வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள். இழுத்திருந்தால் வட்டமான பொருள் காட்டிக்கொடுக்கும்: வண்டிச் சக்கரம், நிலா, நெற்றிப் பொட்டு.

1973க்குப் பிறகும் எண்பதுகள் வரை பல படங்கள் சதுரமாகவே வந்தன, அதனால் வருஷத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஸ்கோப் படம் என்றால் தலைகீழ்: மேலும் கீழும் பட்டை வர வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டில் கால் பங்கு போயிருக்கிறது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று பேசும் காட்சியில் ஒருவரின் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும்.

நீளத்துக்கு அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. படம் தொடங்கும் முன் வரும் சென்சார் சான்றிதழை எல்லாரும் ஓட்டிவிடுகிறார்கள். நிறுத்திப் படியுங்கள். ஃபிலிமில் வந்த படத்துக்கு அதில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 27.43 மீட்டர் ஓடும். 4,389 மீட்டர் என்று போட்டிருந்தால் 27.43ஆல் வகுங்கள், 160 நிமிடம். உங்கள் கையில் இருப்பது 148 நிமிடம் ஓடினால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. நான் ஆசையாக வாங்கிய ஒரு டிவிடியில் ஒரு பாட்டு முழுசாக இல்லை. அட்டையில் அந்தப் பாட்டின் படத்தையே போட்டிருந்தார்கள். எத்தனை வருஷமானாலும் அந்த வருத்தம் போகவில்லை.

ஆனால் 160க்குப் பதில் 153 நிமிடம் சில்லறை என்று வந்தால் உடனே வெட்டு என்று சொல்லிவிடாதீர்கள். நம் ஊர் டிவி முறைக்குப் பெயர் பால் (PAL), அந்த முறை டிவிடி நொடிக்கு 25 ஃபிரேம். 24ல் எடுத்ததை 25ல் ஓட்டுவதால் படம் 4 சதவீதம் வேகமாக முடியும். காட்சி ஒன்றும் குறையாது, ஆனால் சுருதியையும் சரிசெய்யாமல் விட்டிருந்தால் பாட்டு அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். கேசட்டில் கேட்டுக் கேட்டு மனசில் பதிந்த பாட்டு என்றால் முதல் வரியிலேயே தெரியும், பாடுகிறவர் வயசு குறைந்த மாதிரி இருக்கும்.

வாங்குகிற இடத்திலேயே பார்க்க வேண்டியதும் உண்டு. இப்போது டிவிடி பெரும்பாலும் பழைய கடையில்தான் கிடைக்கிறது. திருப்பிப் பாருங்கள். கம்பெனியில் அச்சடித்தது வெள்ளி நிறம், இரட்டை அடுக்கு என்றால் லேசான பொன் நிறம். ஊதா ஓடினால் யாரோ வீட்டில் எழுதியது. 2007ல் மோசர் பேர் என்ற கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடியும் 28 ரூபாய்க்கு விசிடியும் இறக்கியபோதுதான் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு ஒரிஜினல் என்பதே வந்தது. அதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அட்டையில் 'டிடிஎஸ்' (பல ஸ்பீக்கருக்கான ஒலி) என்று பெரிதாகப் போட்டிருந்தால் சந்தோஷப்படும் முன் கணக்குப் போடுங்கள். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி. 160 நிமிடப் படத்தை அதில் அடைத்தால் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்குச் சராசரியாக 3.9 மெகாபிட் தகவல்தான் கிடைக்கும். முழு அளவு டிடிஎஸ் ஒலிக்கே 1.5 போய்விடும். மீதி 2.4 தான் படத்துக்கு, டிவிடியிலோ வீடியோவுக்கு 9.8 வரை கொடுக்கலாம். 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் ஒரே படம் என்றால் மொத்தம் 7 கிடைக்கும். 'மூன்று படம் ஒரே டிவிடியில்' என்று வருவதை நான் வாங்குவதே இல்லை. பஞ்சம் எங்கே தெரியும் என்றால் மழை, புகை, அருவி, பொரி தூவும் காட்சி. அங்கெல்லாம் படம் சின்னச் சின்னக் கட்டமாக உடையும். சூரியன் மறைகிற வானம் படிப்படியாகக் கோடு போட்ட மாதிரி தெரியும். ஆகவே சோதிக்க வேண்டியது மழைப் பாட்டை, வசனக் காட்சியை அல்ல.

நூல் என்று சொன்னேன் அல்லவா, ஃபிலிமில் அது மணல் மாதிரி நெளியும் கிரெய்ன். பனியன் துணியில் மேலே நிற்கும் பஞ்சை எடுக்க பயோ வாஷ் கொடுப்போம். அளவாகக் கொடுத்தால் துணி மிருதுவாகும். கூடிப்போனால் நூலையே தின்று, எடையும் பலமும் குறையும். படத்தில் கிரெய்னைத் துடைப்பதும் அப்படித்தான். கூடிப்போனால் மணலோடு சேர்ந்து தோலின் துளை, புருவ முடி, புடவையின் ஜரிகை எல்லாம் போய்விடும். பிறகு கூர்மையாகக் காட்ட விளிம்பை ஏற்றுவார்கள். கரன்ட் கம்பியைச் சுற்றி, தலைமுடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். பழைய பாட்டுகளை 'ஃபோர்கே' என்று ஏற்றுகிறவர்கள் பலர் செய்வது இந்த இரண்டையும்தான். சில நேரம் கம்ப்யூட்டர் கண்ணையே புதிதாக வரைந்துவிடுகிறது. நமக்கு அவ்வளவு பழக்கமான முகம் வேறு யாரோ மாதிரி நிற்கிறது. எனக்கு அது பொறுக்கவே இல்லை. நெளிகிற மணலைக் குற்றமாக நினைக்காதீர்கள், மணல் தெரிகிற பதிப்பில்தான் முகமும் தெரியும்.

ஒலியை இரண்டே சோதனையில் முடித்துவிடுவேன். ஒன்று, உதடும் வார்த்தையும் சேர்கிறதா, படத்தின் நடுவிலும் முடிவிலும் பார்க்க வேண்டும். இரண்டு, ஒற்றை டிராக்கில் (மோனோ) வந்த பழைய படத்தைப் பல ஸ்பீக்கரில் பிரிந்து வரும் 5.1 ஒலி ஆக்கியிருந்தால் வசனம் குகைக்குள் பேசுகிற மாதிரி எதிரொலிக்கிறதா, பழைய வயலினுக்குப் பக்கத்தில் இந்தக் காலத்துக் கதவுச் சத்தம் கேட்கிறதா என்று. பழைய மோனோ டிராக்கும் கூடவே இருந்தால் அதைத்தான் போட்டுக் கேளுங்கள்.

எல்லாக் குற்றமும் ஒரே எடை அல்ல. துணியில் ஃபோர் பாயிண்ட் என்று ஒரு முறை: மூன்று இன்ச்சுக்குள் குற்றம் என்றால் ஒரு பாயிண்ட், ஒன்பது இன்ச்சைத் தாண்டினால் நான்கு. படத்துக்கும் நான் அப்படித்தான் போடுகிறேன். வந்து போகிற கீறலுக்கு ஒன்று. மழைப் பாட்டில் கட்டம் உடைந்தால் இரண்டு. ரோஸ் நிறம் மூன்று. படம் முழுக்கக் கூட வரும் நறுக்கலும் மெழுகு முகமும் காணாமல் போன பாட்டும் நான்கு.

ஷேடு கார்டு மாதிரி ஒவ்வொரு டிவிடிப் பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் மகன் வீட்டுக்கு எடுத்துப் போன டிவிடியில் இருக்கும் சீட்டு இது: "153 நிமிடம், பால், வெட்டு இல்லை. சதுரம், சலங்கை தெரிகிறது. ரீல் புள்ளி உண்டு. மூன்றாவது ரீலில் பச்சைக் கீறல். சுருதி ஏறியிருக்கிறது. வேட்டி கொஞ்சம் மஞ்சள், முகம் சரி. 4 பாயிண்ட்." அதற்குக் கீழே அவனே பென்சிலில் எழுதிக் கொடுத்திருக்கிறான்: "யூடியூப் ஃபோர்கே: 11."