சியெம் ரீப்: அங்கோர் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தொப்பி, தண்ணீர், கொசு மருந்து எல்லாம் உங்களுக்கே தெரியும். இங்கே, கம்போடியாவின் சியெம் ரீப் ஊரை ஒட்டிய அங்கோர் கோயில்களுக்கு, ஆட்களை அழைத்து வரும்போது குழுவுக்குக் குழு மாறாமல் நடக்கும் கூத்துகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரு நாள் டிக்கெட்

அங்கோருக்கு ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. "கோயில்தானே, ஒரு நாள் போதும்" என்று 37-ஐ நீட்டிவிடுகிறார்கள். என்னோடு வந்த ஒரு தம்பதியும் அப்படித்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கோர் வாட் குளக்கரை, அப்புறம் பாயோன், தா ப்ரோம் கோயில்கள் என்று ஒரே ஓட்டம். பதினொரு மணி வெயிலில் அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள், பந்தியாய் ஸ்ரேய் கோயிலைப் பார்க்காமல் எப்படி ஊர் திரும்புவது என்று ஆளுக்கு இன்னொரு 37. தலைக்கு 74 டாலர், ஏழு நாள் டிக்கெட்டைவிட அதிகம்! மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதுகூட இல்லை, பத்து நாளுக்குள் ஏதாவது மூன்று நாள் போதும்.

சரி, பணம் போகட்டும். அந்த ஓட்டத்தில் அங்கோர் வாட்டின் சுற்று மண்டபச் சிற்பங்களை அவர்கள் பார்க்கவே இல்லை. கிழக்குச் சுவரில் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடலைக் கடைகிறார்கள். மேற்கில் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும். கிழக்குச் சுவருக்குக் காலை வெளிச்சம், மேற்குக்குப் பிற்பகல் வெளிச்சம். அவசரமாக வந்தவருக்கு இது எங்கே வாய்க்கும்? கதை தெரிந்த நம் ஆட்களே பார்க்காமல் போவதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பாக்கெங் குன்றில் அஸ்தமனம்

மேலே ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி. நான்கு மணிக்கே ஏறிவிடுங்கள், இல்லையென்றால் ப்ரே ரூப் கோயிலுக்குப் போங்கள்.

உடை

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அங்கோர் வாட்டின் உச்சி மாடத்துக்கு, மேலே போர்த்திய துப்பட்டா செல்லாது. பௌத்தப் புனித நாட்களில் அந்த மாடமே மூடியிருக்கும்.

கிழிந்த டாலர்

வாங்க மாட்டார்கள்.

"இது நம்ம சோழர் கட்டியது"

இல்லை. அங்கோர் வாட் 12-ஆம் நூற்றாண்டில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டியது. உள்ளூர் வழிகாட்டியிடம் வாட்ஸ்அப் வரலாறு பேசினால் மரியாதைக்குச் சிரிப்பார், அவ்வளவுதான்.

அஞ்சலட்டை விற்கும் பிள்ளைகள்

இரக்கப்பட்டு வாங்காதீர்கள். வியாபாரம் நன்றாக நடந்தால் அந்தப் பிள்ளையை நாளைக்கும் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். மனசு கேட்கவில்லையா, பக்கத்துக் கடைக்காரரிடம் ஓர் இளநீர் வாங்கிக் குடியுங்கள்.