உமரிக்கீரை வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

உமரிக்கீரையைக் கொங்குப் பக்கம் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். வேதாரண்யம், முத்துப்பேட்டை, பிச்சாவரம் என்று உப்பளமும் சதுப்பும் உள்ள ஊர்களில் தானாக முளைக்கிற செடி. இலை குட்டியாக, உருண்டு தடித்திருக்கும். நசுக்கினால் நீர் கசியும், நாக்கில் பட்டால் உப்புக் கரிக்கும். கோயம்புத்தூர், ஈரோட்டு மொட்டை மாடியிலும் தாராளமாக வளர்க்கலாம்.

பெரும்பாலும் விதைக்கும்போதே தவறு நடந்துவிடுகிறது. கடற்கரைச் செடிதானே என்று உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உப்பைத் தாங்குவது வளர்ந்த செடிதான்; விதை முளைக்க நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரத்திலேயே மழை பெய்து மண்ணின் உப்பு கரைந்துபோன சமயத்தில்தான் நன்றாக முளைக்கும். நாற்று நாலு விரல் உயரம் வந்த பிறகு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு கரைத்து வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு, அந்தக் கணக்குக்குப் போக வேண்டாம். போர் தண்ணீரே கரிக்கிறது என்றால் உப்பே சேர்க்காதீர்கள்.

தரையில் நடாமல் தொட்டியில் வையுங்கள், அடியில் தட்டும் இருக்கட்டும். வடிகிற உப்பு பக்கத்துக் கறிவேப்பிலையைக் கருக்கிவிடும். நிழலும் ஆகாது, நல்ல வெயில் வேண்டும். வயதான செடி சிவந்தால் நோய் என்று மருந்து அடிக்காதீர்கள், அது இயல்பு.

நான் மிகவும் கவலைப்படுவது நொய்யல் கரையை நினைத்துத்தான். திருப்பூர்ச் சாயக் கழிவு அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, தண்ணீரையும் சுற்றியுள்ள நிலத்தையும் என்ன பாடு படுத்தியது என்று நமக்குத் தெரியும். 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. “எதுவும் வராத அந்த மண்ணில் உமரி வருமே” என்று சிலருக்குத் தோன்றும். வரும், செழிப்பாகவே வரும். ஆனால் இந்த வகைச் செடிகள் உப்போடு சேர்த்து மண்ணில் இருக்கும் ஈயம், குரோமியம் போன்ற நச்சுக் கன உலோகங்களையும் இலையில் இழுத்து வைத்துக்கொள்ளக் கூடியவை. மண்ணைத் தேற்ற நடுங்கள், ஒரு கொழுந்துகூட அடுப்படிக்கு வரக் கூடாது.

அப்புறம் சமையல். இளங்கொழுந்தை மட்டும் கிள்ளி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பும், சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட்டும் ஓரளவு அதோடு போகும். பாசிப்பருப்பு, தேங்காய் சேர்த்துப் பொரியல் செய்யலாம். வாயில் வைத்துப் பார்க்காமல் உப்புப் போடாதீர்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொந்தரவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.