கொன்ட்ரோலரைக் கழற்ற முதல்: சோலர் சார்ஜிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது, கொழும்பில் நிறையப் பேர் மொட்டைமாடியில் இரண்டு பனலும் கீழே ஒரு பற்றரியும் இன்வேர்ட்டரும் என்று அவசரமாகப் பூட்டிக்கொண்டார்கள். அந்தச் செட்டுகளுக்கு இப்போது வயதாகிறது. "சார்ஜ் ஏறுதில்லை" என்றவுடன் எல்லோரும் முதலில் கை வைப்பது, பனலுக்கும் பற்றரிக்கும் இடையில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியான சார்ஜ் கொன்ட்ரோலரில்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கி மாற்றுகிறார்கள். அதிலும் அதே குறை. பிறகு பற்றரியை மாற்றுகிறார்கள். பல செட்டுகளில் இந்த இரண்டு செலவும் தேவையே இல்லாதவை.

பிளஸ் மைனஸ் மாறக்கூடாது, மழை படக்கூடாது என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

மத்தியானத்தில் கரண்ட் குறைவு என்று பயப்படுவது

வெயில் கொளுத்தும் நேரத்தில் திரையில் 0.6 அம்பியர் என்று நிற்கும். கொன்ட்ரோலர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பற்றரி நிறைந்திருக்கலாம். இரண்டு மின்விசிறியும் ஒரு ஃபிரிட்ஜும் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். கரண்ட் உடனே ஏறினால் கொன்ட்ரோலரில் பிழை இல்லை.

சாதாரண கிளாம்ப் மீற்றரால் அளப்பது

ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப், டிசி வயரில் பெரும்பாலும் பூச்சியம்தான் காட்டும். டிசி அளக்கும் கிளாம்ப் வேண்டும்.

கொன்ட்ரோலரின் திரையை மட்டும் நம்புவது

அதிகம் காசைத் தின்கிற தவறு இதுதான். ஆண்டுக்கணக்காக இதைச் சொல்லியும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்க்க உண்மையில் எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால், இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீற்றரும் கால் மணித்தியாலமும் போதும்.

கொன்ட்ரோலர் பற்றரியின் வோல்ட்டேஜை அளப்பது தன்னுடைய ஸ்குரூ முனையில். பற்றரி இருப்பது வயரின் மற்றப் பக்கத்தில். இடையில் வயர், பியூஸ், பிரேக்கர், லக் (வயர் நுனியில் பூட்டும் உலோக முனை), பற்றரித் தலை என்று பல இடங்கள் இருக்கின்றன. கரண்ட் ஓடும்போது ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் வோல்ட்டேஜ் விழும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி, 20 அம்பியர் சார்ஜ். கொன்ட்ரோலரிலிருந்து பற்றரிக்கு 3 மீற்றர். போகவும் வரவும் சேர்த்து 6 மீற்றர் வயர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 வயரை, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றரை, இழுத்துவிட்டார்கள் என்று வைப்போம். அது மீற்றருக்கு ஏறத்தாழ 7.4 மில்லி ஓம். ஆறு மீற்றருக்கு 44 மில்லி ஓம். 20 அம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும். கொன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட்டைப் பார்த்து, அதற்கு மேல் ஏறவிடாமல் கரண்டைக் குறைக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் பற்றரித் தலையில் இருப்பது வெறும் 13.5.

கரண்ட் குறையக் குறைய இந்த இழப்பும் குறையும், ஆகவே பற்றரி மெதுவாக ஏறத்தான் செய்யும். ஆனால் கொன்ட்ரோலரின் கடிகாரம் காத்திருக்காது. குறித்த நேரம், பலவற்றில் இரண்டு மணித்தியாலம், முடிந்ததும் ஃப்ளோட்டுக்கு, அதாவது நிறைந்த பற்றரியைத் தக்கவைக்கும் குறைந்த வோல்ட்டேஜுக்கு, இறங்கிவிடும். திரையில் "ஃபுல்". பற்றரியோ நிறையவில்லை. இப்படி ஒவ்வொரு நாளும் அரைகுறையாக நிற்கும் ஈய அமிலப் பற்றரியின் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். இரவு எட்டு மணிக்கே இன்வேர்ட்டர் கத்தத் தொடங்கும். ஆளோ கொன்ட்ரோலரைக் குற்றம் சொல்வார். புதிய கொன்ட்ரோலர் வரும், அதே வயர் இருக்கும். பிறகு புதிய பற்றரியும் வரும், அதே வயர் அதையும் கெடுக்கும்.

சோதிக்கும் முறை இது. காலை பத்துக்கும் பின்னேரம் இரண்டுக்கும் இடையில், நல்ல வெயிலில், பற்றரி நிறைய முதல் செய்யுங்கள். கரண்ட் ஓடாவிட்டால் இழப்பும் தெரியாது. மீற்றரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைக் கொன்ட்ரோலரின் பற்றரி பிளஸ் ஸ்குரூவிலும், மற்றதைப் பற்றரியின் பிளஸ் தலையிலும் வையுங்கள். லக்கில் அல்ல, போல்ட்டில் அல்ல, ஈயத் தலையிலேயே குத்திப் பிடிக்க வேண்டும். மீற்றர் காட்டும் எண்தான் அந்தப் பாதையின் இழப்பு. மைனஸ் பக்கமும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் 12 வோல்ட் செட்டில் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கூடுதலாக இருந்தால் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: பியூஸின் இரு பக்கம், பிரேக்கரின் இரு பக்கம், லக்குக்கும் ஈயத் தலைக்கும் இடையில். எண் எங்கே திடீரென்று ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பெரும்பாலும் அது லக்கில்தான் இருக்கும். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூத்திருக்கும். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் தெரியும். அந்த ஓர் இணைப்பில் 10 மில்லி ஓம் இருந்தாலே 20 அம்பியருக்கு 0.2 வோல்ட் போய்விடும், அந்தச் சின்ன இடத்தில் 4 வாட் சூடு பிறக்கும். வயரின் உறை அங்கே மட்டும் பழுப்பாகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. கழற்றி, கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். வயரே மெல்லியது என்றால் தேய்த்துப் பயனில்லை. இந்தத் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீற்றர் செம்பு போட்டால் இழப்பு 0.14 வோல்ட்டுக்கு இறங்கும். முடிந்தால் கொன்ட்ரோலரைப் பற்றரிக்கு ஒரு மீற்றருக்குள் கொண்டுவருவது இன்னும் நல்லது. தூரம் கூட வேண்டுமானால் அது பனல் பக்கம் இருக்கட்டும்.

வயர் வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் கூட. மேலே வெள்ளையும் உள்ளே சிவப்பும் என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, அது நல்லது.

பனலில் வோல்ட்டேஜ் வருகிறது, ஆகவே பனல் நல்லது என்பது

மேகமூட்டத்திலும் பனலின் வோல்ட்டேஜ் பெரிதாகக் குறையாது, குறைவது கரண்ட்தான். அதனால் வோல்ட்டேஜை மட்டும் பார்த்துப் பனலுக்கு நற்சான்றிதழ் கொடுக்காதீர்கள். பிரேக்கரை இறக்கி, திறந்த நிலையில் (பனலோடு ஒன்றும் சேராமல்) அளந்து, பனலின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். 38 வோல்ட் இருக்க வேண்டிய பனல் 25 காட்டினால் மூன்றில் ஒரு பகுதி செத்திருக்கிறது, பெரும்பாலும் ஷோர்ட்டான ஒரு பைபாஸ் டயோட் (பனலின் ஒரு பகுதியைச் சுற்றிக் கரண்டை விடும் சிறு பாகம்). வோல்ட்டேஜ் சரி, கொன்ட்ரோலரோடு சேர்த்ததும் விழுந்துவிடுகிறது என்றால் எம்சி4 இணைப்புகளை, அதாவது பனல் வயர்களைக் கோர்க்கும் பிளக்குகளை, பிரித்து உள்ளே பாருங்கள்.

எம்பிபிடி என்று எழுதியிருப்பதை அப்படியே எடுப்பது

எம்பிபிடி கொன்ட்ரோலர் பனலின் கூடிய வோல்ட்டேஜைக் கூடுதல் கரண்டாக மாற்றும், பிடபிள்யூஎம் பனலை நேரே பற்றரியோடு சேர்த்து வெட்டி வெட்டி விடும். மலிவான பெட்டிகள் பலவற்றில் எழுத்து மட்டும்தான் எம்பிபிடி, உள்ளே இருப்பது பிடபிள்யூஎம். பற்றரி நிறையாத நேரத்தில், நல்ல வெயிலில், பனல் முனையை அளந்தால் தெரிந்துவிடும். பெரிய பனல் பூட்டியும் அங்கே பற்றரியைவிடச் சற்றே கூடிய வோல்ட்டேஜ் நின்றால் அது பிடபிள்யூஎம். உண்மையானதில் பனல் தன் வேலை வோல்ட்டேஜில், 30க்கு மேல், நிற்கும். பற்றரிக்குப் போகும் கரண்ட் பனலிலிருந்து வருவதைவிடக் கூடுதலாக இருக்கும். 13 அம்பியர் தரும் 550 வாட் பனலை 12 வோல்ட் பிடபிள்யூஎம் பெட்டியில் பூட்டினால் பற்றரிக்கு ஏறத்தாழ 180 வாட்தான் போகும். அந்தப் பனலின் திறந்த வோல்ட்டேஜ் ஏறத்தாழ 50 என்பதால், பெட்டி தாங்கும் எல்லையையும் முதலில் வாசியுங்கள்.

பனல் பூட்டியிருக்கவே பற்றரியைக் கழற்றுவது

செய்யவே கூடாது. கழற்றும்போது பனல் முதலில், பூட்டும்போது பற்றரி முதலில். 12, 24 வோல்ட்டைத் தானே கண்டுபிடிக்கும் பெட்டிகள் பற்றரி இல்லாத நொடியில் பனலைப் பார்த்து 24 என்று முடிவெடுக்கலாம். பிறகு 12 வோல்ட் பற்றரிக்கு 28 வோல்ட் தள்ளும். அமைப்பில் இடமிருந்தால் ஓட்டோவை விட்டு 12 என்று கையால் வையுங்கள்.

லோட் முனையில் இன்வேர்ட்டர்

வேண்டாம். லோட் முனை என்பது விளக்கு போன்ற சின்னச் சாமான்களுக்குக் கொன்ட்ரோலரில் இருக்கும் முனை. 1000 வாட் இன்வேர்ட்டர் 12 வோல்ட்டில் 90 அம்பியர் வரை இழுக்கும். அந்த முனை தாங்குவது பெரும்பாலும் 10, 20. இன்வேர்ட்டர் பியூஸ் வழியாக நேரே பற்றரிக்குப் போகட்டும்.

மைனஸ்களையெல்லாம் ஒன்றாகக் கட்டுவது

பல பிடபிள்யூஎம் பெட்டிகள் மைனஸ் பக்கத்தில்தான் சுவிட்ச் செய்கின்றன. பனல் மைனஸையும் பற்றரி மைனஸையும் வெளியே சேர்த்துவிட்டால் கொன்ட்ரோலர் இருந்தும் இல்லாததுதான். பனல் பற்றரியை நேராக ஏற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் வாயுவாகி வற்றும்.

ஏசி பிரேக்கர்

டிசி கரண்டை வெட்டும்போது வரும் தீப்பொறியை அது அணைக்காமல் விடலாம். டிசி பிரேக்கர் மட்டும்.

சூட்டில் தொங்கவிடுவது

ஈய அமிலத்துக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 18 மில்லி வோல்ட்டைக் கொன்ட்ரோலர் குறைக்கும். வெளி சென்சர் இல்லாத பெட்டி தன் சொந்தச் சூட்டைத்தான் பற்றரியின் சூடு என்று நினைக்கும். கூரைத் தகட்டுக்குக் கீழே 50 பாகையில் தொங்கினால் 0.45 வோல்ட் குறைவாகத்தான் ஏற்றும், கீழே பற்றரி 30 பாகையில் இருந்தாலும். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரிக்கு இந்தத் திருத்தத்தைப் பூச்சியமாக்குங்கள், ஈக்குவலைசையும் (கூடிய வோல்ட்டேஜில் ஏற்றும் கட்டத்தையும்) நிறுத்துங்கள்.

கொன்ட்ரோலர் உண்மையிலேயே செத்திருந்தால்

பனல் பிரேக்கரை இறக்குங்கள். கொன்ட்ரோலரின் பற்றரி முனையில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் திரை இருட்டாக இருந்தால், உள்ளே பியூஸ் போயிருக்கலாம் அல்லது போர்ட் போயிருக்கலாம். திரை எரிகிறது, பற்றரி நிறையவில்லை, பனல் பிரேக்கரைத் திரும்பப் போட்டும் பனல் முனையில் திறந்த வோல்ட்டேஜ் அப்படியே நிற்கிறது, கிளாம்ப்பில் கரண்ட் பூச்சியம், பனலையும் பற்றரியையும் ஒழுங்காகக் கழற்றிப் பூட்டியும் மாற்றமில்லை என்றால் மட்டும் புதியது வாங்கப் போங்கள்.